இரண்டு கடலுக்கு நடுவே ஒரு தூண்டில்

ஏப்ரல் 11, 2025 – வெள்ளி

தாம்பரத்தில் ஏறியதிலிருந்து எதிர் சீட்டுப் பெரியம்மாவின் கண் என்னுடைய நீளக் குழாய் மேலேயே இருந்தது. விழுப்புரம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "நாயனமாப்பா?" இல்லைம்மா, தூண்டில் என்றேன். பங்குனி உத்திரத்தன்று ராமேஸ்வரத்தில் போய் இறங்குகிறவன் தீர்த்தமாடத்தானே போக வேண்டும்? அவர் அதைக் கேட்கவில்லை, முகம் கேட்டது.

பாம்பன் புதுப் பாலத்தைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபத்தோடு நின்றுபோன ரயில் இப்போது மறுபடி தீவுக்குள் போகிறது. பெட்டியில் பாதிப் பேர் கதவருகே கைப்பேசியோடு நின்றார்கள். பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய பாலம், ஓய்வு பெற்ற வாத்தியார் மாதிரி சும்மா நின்றது. நான் பாலத்தைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. இந்த ஊர்க்காரர்களுக்கு வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல். ஒன்று சாது, இன்னொன்று முரடு என்று கணக்கு. விடிகாலை ஆறு மணிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கிடந்தன. எது சாது, எது முரடு என்று எனக்குப் புரியவில்லை.

சென்னையில் நான் தூண்டில் போடுவது முட்டுக்காட்டிலும் எண்ணூரிலும், கொடுவாய்க்காக. கழிமுகத் தண்ணீர் எனக்குப் பழக்கம், திறந்த கடல் பழக்கமில்லை. ஏப்ரல் மாதம் காற்று இல்லாத மாதம், கடல் குளம் மாதிரி இருக்கும், கரையில் நின்று மீன் பிடிக்க அதுதான் சரியான நேரம் என்று நானே முடிவு செய்துகொண்டு லீவு போட்டிருந்தேன். அறையில் பையை வைத்துவிட்டு நேராக ஓலைக்குடா போனேன். தீவின் வடக்குக் கரை அது.

குளமேதான். கண்ணாடி. முழங்கால் ஆழத்தில் நின்றால் கால் விரல் நகம் தெரிகிறது. தரை முழுக்கக் கடற்புல், நடுநடுவே வெள்ளை மணல் திட்டு. ஒன்பதடி ராடு, முப்பது பவுண்டு பிரெய்டு என்ற பின்னல் நரம்பு, இரைக்குப் பதிலாக மீன் வடிவ உலோகத் துண்டு, நாற்பது கிராம் மெட்டல் ஜிக். ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை வீசினேன். மூன்று தடவை தூண்டில் நரம்பு கத்தரியால் வெட்டியது போலத் துண்டாகி வந்தது. மூன்றாவது தடவை ஆளைப் பார்த்துவிட்டேன்: பேத்தை. உப்பிக்கொண்டு கிளிமூக்குப் பல்லைக் காட்டும் மீன். நானூறு ரூபாய் ஜிக் மூன்றும் அதன் கணக்கில் போய்விட்டது. பத்து மணிக்குத் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், 32 டிகிரி. குளிக்கலாம், மீன் பிடிக்க முடியாது.

கரையில் வத்தை என்ற சின்னப் படகின் நிழலில் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய உடம்பு, கண் மட்டும் முப்பது. கொஞ்ச நேரம் என்னை வேடிக்கை பார்த்துவிட்டு, "தம்பி, அந்த இரும்புக்கு என்ன ருசின்னு மீனு வரணும்?" என்றார். பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. காற்றே இல்லாத நல்ல நாளாகப் பார்த்து வந்திருக்கிறேனே என்றேன்.

"அலை செத்த கடலுக்கு மீனு எதுக்கு வருது? நீங்க நிக்கிறது அதுக்குத் தெரியுது. உங்க தங்கூசி நரம்பு தெரியுது. வெயில்ல தண்ணியும் கொதிக்குது. அது ஆழத்துல போய்ப் படுத்துக்கிச்சு."

நாளைக்கு என்னோடு வருகிறீர்களா அண்ணே என்று கேட்டேன். படகில் என்றால் முடியாது, மீன்துறை டோக்கனில் பேர் இல்லாத ஆளை ஏற்றினால் வம்பு என்றார். கரையில் என்றால் சரி.

ஏப்ரல் 12 – சனி

தனுஷ்கோடி சாலையில் ஒரு சிக்கல் உண்டு. காலை ஆறு மணிக்குத்தான் உள்ளே விடுகிறார்கள், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். மீன் கரைக்கு வருவதே வெள்ளாப்பு நேரத்திலும் பொழுது சாயும்போதும்தான். அந்த இரண்டையும் வேலி போட்டு எடுத்துவிட்டு நடுப்பகலைக் கையில் கொடுத்தால் தூண்டில்காரன் என்ன செய்வான்? பாதுகாப்புக்காகத்தான், புரிகிறது. ஆனாலும் வாசலில் வண்டிகளோடு காத்திருந்தபோது கிழக்கு சிவந்துகொண்டே போனதைப் பார்க்க வயிறு எரிந்தது.

அண்ணன் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். இன்று பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் மீன் ராத்திரி முழுக்க மேய்ந்துவிட்டு விடியலில் பசியில்லாமல் கிடக்கும், அதனால் அந்த நேரம் போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, மத்தியானத்துக்கு மேல் பார்ப்போம் என்றார். சமாதானத்துக்குச் சொன்னாரோ என்று நினைத்தேன். காலை முழுவதும் ஒரு கடி இல்லை.

நடுப்பகலில் ஒரு கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டோம். அப்போதுதான் இந்தத் தீவின் காலண்டரைச் சொன்னார். அவருடைய வருஷம் காற்றில் நடக்கிறது. ஐப்பசியில் வாடை விழும். தை வரைக்கும் வடக்குக் கடல் மண்டியாகக் கலங்கிக் கிடக்கும், அப்போது தெற்குக் கரைதான் மறைவு. மாசி, பங்குனியில் வாடை தளர்ந்து இரண்டு பக்கமும் தெளியும். சித்திரை கடந்தால் தெற்குக் காற்றான சோழகமும் மேற்குக் காற்றான கச்சானும் எழும்பி, ஆவணி, புரட்டாசி வரை ஆண் கடல் ஆட்டம் போடும், பெண் கடல் அடங்கிக் கிடக்கும். அப்புறம் மறுபடி மாறும். தீவு ஒன்றுதான், ஆனால் எந்த மாதம் வந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் நிற்க இடம் இருக்கும்.

"அப்ப எப்பவும் அடங்கின பக்கமாத்தானே அண்ணே நிக்கணும்?"

"அது வலை விடுறவனுக்கு. தூண்டிக்காரன் காத்து வந்து மோதுற பக்கம் நிக்கணும். ரொம்ப மோதுனா கிளம்பிரணும்."

இரண்டு மணிக்கு மேல் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. வெயிலில் தரை சூடேறினால் கடற்காற்று இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மூன்றரைக்குள் தண்ணீர் மேல் சின்னச் சின்ன மடிப்புகள், கரையோரம் அரையடி நுரை. காலையில் கண்ணாடியாக இருந்த கடலுக்குள் இப்போது எதுவும் தெரியவில்லை. எனக்கு மீன் தெரியாவிட்டால் மீனுக்கும் நான் தெரியமாட்டேன். அதுவரை உறைக்காத விஷயம் இது. காற்று மேல்தண்ணீரையும், அதிலுள்ள நுண்ணுயிர்களையும், அவற்றைத் தின்னும் நெத்திலி, சாளைக் கூட்டங்களையும் கரைப்பக்கம் தள்ளுகிறது. அலை உடையும்போது காற்றும் தண்ணீரில் கலக்கிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் இந்த மாதத்தில் அது பெரிய விஷயம். இத்தனையும் "மோதுற பக்கம்" என்ற இரண்டு சொல்லுக்குள் இருந்திருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர், கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னால் நடக்கிறார்கள். வலை சுருங்கச் சுருங்க வெளியே தப்பும் பொடிமீனுக்காகப் பெரிய மீன் ஓரமாகக் காத்திருக்கும் என்று அண்ணனே போய் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். வலைக்குக் குறுக்கே வீசக் கூடாது, வலையின் வெளிப்பக்கம் மட்டும் என்று நிபந்தனை. நாலாவது வீச்சில் ராடு வளைந்தது. ஓடிய வேகத்தில் ரீல் அலறியது. "பாறை, பாறை! விடாதே, இழு!" அதுவரை "நீங்க, வாங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர் அந்த நிமிஷத்தில் ஒருமைக்கு வந்துவிட்டார். பிறகு பன்மைக்குத் திரும்பவே இல்லை. எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

பாறை மீன்தான், இரண்டு கிலோ இருக்கும். வெள்ளித் தட்டு போல உடம்பு, வாலருகே கத்தி முனை போலச் செதில் வரிசை. ஒரு படம் எடுத்துவிட்டு, தண்ணீருக்குள்ளேயே பிடித்து, மூச்சு சீரானதும் விட்டேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சாலைக்கு வந்த பிறகுதான் கேட்டார். "பிடிச்ச மீனை விடுறதுக்கா தம்பி இவ்வளவு செலவு பண்ணி வந்த?"

இதற்கு நான் எப்போதும் ஒரு பதில் வைத்திருப்பேன். கடலைக் காப்பது, அடுத்த தலைமுறை, இத்யாதி. மீன் விற்றுச் சோறு தின்கிற மனிதர் முன்னால் அது வாயில் வரவில்லை.

ஏப்ரல் 13 – ஞாயிறு

இன்று காற்று காலையிலேயே பலம். நேற்று மடிப்பாக இருந்த இடத்தில் இன்று ஆள் இடுப்புக்கு அலை. தெற்குக் கரைத் தண்ணீர் டீ நிறத்தில் கலங்கி, பாசியைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வருகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் நரம்பில் ஒரு கைப்பிடிப் பாசி. பத்து வீச்சில் அலுத்துவிட்டது. "இது ரொம்ப மோதுறது" என்றார் அண்ணன்.

காற்று இப்படி வெளிப்படையாக வந்தால் பரவாயில்லை. இந்த மாதங்களில் காற்றே இல்லாமல் தெற்கிலிருந்து திடீரென அலை எழுந்து வருவதும் உண்டு. அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருவது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் அதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. தென்கரையில் தூண்டில் போடப் போகிறவர்கள் காற்றுக் கணிப்பை மட்டும் பார்க்காமல் அதையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது. வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று பாறையில் ஏறி நிற்பவர்களைத்தான் அது தூக்கும்.

சாலையைக் கடந்து வடக்குப் பக்கம் போனால் காற்று முதுகில். தண்ணீர் தட்டையாக, பச்சையாக, பேத்தைகளோடு. தனுஷ்கோடி மணல் நாக்கு சில இடங்களில் அவ்வளவு ஒல்லி. ஒரு பக்கம் இரைச்சல், மறுபக்கம் தூக்கம், இரண்டுக்கும் நடுவே தார்ச்சாலையும் சுண்டல் கடையும். 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் இந்த ஊர் எப்படிப் போயிருக்கும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம், இந்த அகலத்தில் நின்று பார்த்தால் போதும்.

தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை வளைவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அங்கே பின்னால் கை ஓங்கி வீசினால் யாராவது ஒருவர் காதில் கொக்கி மாட்டும். நீரோட்டமும் ஆளை இழுக்கும், இறங்காதே என்று போலீஸ்காரர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். முனைக்கு முக்கால் கிலோமீட்டர் முன்பே நின்றுவிட்டோம். அண்ணன் மணலில் குந்தி, ஏழெட்டு நிமிஷம் கடலையே பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பிறகு விரலை நீட்டினார். "கோடு தெரியுதா?"

முதலில் தெரியவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தபோது தெரிந்தது. தெற்கே கலங்கிய தண்ணீர் ஓட்டத்தில் சுற்றி வந்து, தெளிந்த தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு விளிம்பு. இந்தப் பக்கம் டீ, அந்தப் பக்கம் பச்சை. விளிம்பு நெடுக நுரையும் குப்பையும் பாசித் துணுக்கும் வரிசையாகப் போகின்றன. "நீவாடு ரெண்டும் சேர்ற இடம். பொடிமீனு கலக்குல ஒளிஞ்சுக்கும். ஊளி தெளிவுல நின்னுக்கிட்டு, வெளிய வர்றதைப் பிடிக்கும். நீ கலக்குல போட்டுத் தெளிவுக்கு இழு."

நீவாடு என்றால் நீரோட்டம். ஊளி என்று அவர் சொல்வதைச் சென்னையில் சீலா என்போம், ஆங்கிலத்தில் பாரகுடா. சில ஊர்களில் வஞ்சிரத்தையே சீலா என்கிறார்கள், அதனால் மீன் பெயரை வைத்துக்கொண்டு கடை கடையாகச் சண்டை போடலாம். ஊளியின் பல்லுக்காக நுனியில் ஒரு சாண் கம்பி கட்டினேன். கலங்கலில் போட்டு, தெளிவு வந்ததும் வேகம் கூட்டினேன். முதல் வீச்சிலேயே தட்டியது, மாட்டவில்லை. இரண்டாவதில் மாட்டியது. அரை மணி நேரத்தில் மூன்று ஊளி, ஒரு தோல்பாறை. ஐந்தாவதாக ஒன்று வந்தது, என்ன மீன் என்று கடைசி வரை தெரியவில்லை. ரீலில் இருந்த நரம்பில் பாதிக்கு மேல் கொண்டுபோய், சாவகாசமாக அறுத்துவிட்டுப் போனது. புதிதாக வாங்கிய ரீலின் பிரேக் வழுக்கியதும் ஒரு காரணம். விற்ற கடைக்காரர் பத்து வருஷம் உழைக்கும் என்றார், பத்து நாள் ஆகியிருக்கிறது.

அப்புறம் கோடு நகர்ந்து நகர்ந்து கைக்கு எட்டாத தூரம் போய்விட்டது. அதோடு மீனும் நின்றது. அதே இடம், அதே ஜிக், ஒரு கடி கிடையாது. நான் இன்னும் வீசிக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து மணலைத் தட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

மூன்று ஊளியில் ஒன்றை விட்டேன், இரண்டு அவர் வீட்டுக்கு. இந்தச் சூட்டில் மீனை அதிக நேரம் ஆட்டிக் களைக்க வைத்தால் விட்டாலும் பிழைக்காது. அதனால்தான் கனமான சாமான் வைத்துச் சீக்கிரம் இழுக்கிறேன் என்று விளக்கினேன். "அப்ப விடுறதுக்கும் ஒரு படிப்பு இருக்குன்னு சொல்லு" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை. ராத்திரி அவர் வீட்டில் குழம்பு. மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து. ஊளியில் முள் குறைவு, சதை கெட்டி. சோறு இரண்டு தடவை வாங்கினேன். விட்ட மீனைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 14 – திங்கள்

சித்திரை ஒன்று. விடியலில் ஓலைக்குடாவில் தனியாக நின்று, கொக்கியைக் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டேன். ஊசி, கட்டு, நாற்பது நிமிஷம். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. கொக்கி முள்ளை முன்பே நசுக்கி வைத்திருந்தால் இழுத்தவுடன் வந்திருக்கும், அவ்வளவுதான்.

கை இப்படி ஆனதால் மீன்பிடித் துறைமுகத்தில் உட்கார்ந்தேன். இன்று நள்ளிரவிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடைக்கு முன் கடைசியாகக் கடலுக்குப் போன விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. வலையை இறக்குகிறார்கள், பலகையைக் கழற்றுகிறார்கள். ஒரு படகில் மட்டும் வாழை கட்டிச் சந்தனம் தெளித்திருந்தது. இனி இரண்டு மாதம் இழுவலை தரையைச் சுரண்டாது, மீன் முட்டையிட அவகாசம் கிடைக்கும் என்பது கணக்கு. நாட்டுப்படகுகள் போகலாம். தூண்டில்காரனுக்கு நல்ல காலம்தானே என்று ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் ஐஸ் பெட்டி தூக்குபவர். "உங்களுக்கு நல்லது சார்" என்றார். அந்த "உங்களுக்கு" சாயங்காலம் வரை காதில் இருந்தது.

பிற்பகல் குந்துகால் போனேன். 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை. எதிரே குருசடைத் தீவு, பவளப்பார், நீலமும் பச்சையுமாகத் தண்ணீர். தூண்டில்காரன் கண்ணுக்கு அது தங்கச் சுரங்கம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து இங்குவரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போடக் கூடாது. போடாததில் வருத்தமும் இல்லை. 2010-இலும் 2016-இலும் இதே கோடை வெப்பத்தில்தான் இந்தப் பவளங்கள் வெளுத்தன. ஓலைக்குடாவில் என் வெப்பமானி காட்டிய 32 நினைவுக்கு வந்தது. எனக்கு அது ஒரு காலை வீண். பவளத்துக்கு நகர்ந்து போகவும் வழியில்லை.

ஏப்ரல் 15 – செவ்வாய்

சாயங்காலம் ரயில். காலையில் பாம்பன் கரையில் கடைசியாக ஒரு கை பார்க்கலாம் என்று அண்ணன் வந்தார். காற்று இளசாக, தெற்கிலிருந்து. பாலத் தூண்களைப் பார்க்கச் சொன்னார். தூணுக்குப் பின்னால் எந்தப் பக்கம் சுழி விழுகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டம். மன்னார் பக்கமிருந்து தண்ணீர் வடக்கே ஏறிக்கொண்டிருந்தது. வாடைக்காலத்தில் இதுவே தலைகீழாக வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். "சித்திரை பொறந்துருச்சுல்ல" என்றார், காலண்டர் கிழிக்கிற மாதிரி.

கட்டுப் போட்ட விரலோடு ஒரு மணி நேரம் வீசினேன். ஒரு சின்ன ஊளி கிடைத்தது, அரைக் கிலோகூடத் தேறாது. விட்டுவிட்டேன். ராடைக் கழற்றிக் குழாய்க்குள் போட ஆரம்பித்தபோது அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். "அந்த இரும்பு மீனு ஒண்ணு குடுத்துட்டுப் போறியா தம்பி?"

மிச்சம் இருந்த இரண்டையும் கொடுத்தேன். மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். அதைச் சுற்றித் தங்கூசி. ஜிக்கை முடிந்து, தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, கையாலேயே வீசினார். என் ஒன்பதடி ராடு போட்ட தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. ஆனால் அது விழுந்தது தூணுக்குப் பின்னால் சுழி புரளும் சரியான ஓரத்தில். இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தார், நான் ரீலில் சுற்றுவதைவிட வேகமாக.

மூன்றாவது வீச்சில் நரம்பு விறைத்தது. என்னுடையதெல்லாம் சேர்த்தாலும் எடைக்கு வராது, அப்படி ஒரு ஊளி. கரையில் இழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதை விடணுமா?"